பின்கதவுக்கு ஒரு சாட்சி

பிப்ரவரி 9

அண்ணா,

போனில் பேசினால் நான் கத்துவேன், நீ "சிக்னல் விட்டு விட்டு வருது" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். கடிதத்துக்கு அந்தச் சாக்குச் சொல்ல முடியாது.

உங்கள் சபையில் நீ சொன்ன சாட்சியை, யாரோ பதிவு செய்ததை, கேட்டேன். நீ அனுப்பவில்லை, எப்படி அனுப்புவாய்? எங்கள் சபையில் எனக்குப் பக்கத்தில் உட்காரும் தையல்காரம்மாவுக்கு யாரோ அனுப்பியிருக்கிறார்கள். ஆராதனை முடிந்து வாசலில் குடையை விரித்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "உங்கண்ணன் குரல் மாதிரியே இருக்கு, கேளும்மா, மனசு ஆறும்" என்று போனைக் காதில் வைத்தார்.

நன்றாகத்தான் பேசியிருக்கிறாய். "அன்னைக்குக் காலையில காய்ச்சல். எழும்பப் பாக்கிறேன், முடியல. கர்த்தர் என்னைக் கட்டிலோட கட்டிப் போட்டுட்டார். சாயங்காலம் தகவல் வருது, லாண்டரியில தீ, மூணு பேர் இறந்துட்டாங்கன்னு. அது என்னோட ஷிப்ட். நான் நிக்க வேண்டிய இடத்துல அன்னைக்கு வேற ஒருத்தர் நின்னார்." உடனே எல்லோரும் அல்லேலூயா சொல்கிறார்கள்.

வேற ஒருத்தர். அண்ணா, அந்த வேற ஒருத்தருக்கு ஒரு பெண்டாட்டி உண்டு. அவள் உன் கூடப் பிறந்தவள்.

அன்று அவருக்கு லீவு. குளியலறைக் குழாய்க்கு வாஷர் வாங்கப் போகச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். உன் போன் வந்தது. "உங்கண்ணனுக்கு எழுந்திரிக்க முடியலையாம். நான் போய் நின்னுட்டு வந்துடறேன்" என்றார். அதே சட்டையோடு போனார். உன்னைக் கட்டிலில் கட்டிப் போட்டவருக்கு இன்னொரு கயிறு கிடைக்காமல் போய்விட்டதா? இதை நான் வம்புக்குக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்கிறேன்.

நீ காய்ச்சலில் விழுந்ததற்கு உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதைத் தெரிந்துகொள். என் கோபம் வேறு.

போன வாரம் விசாரணை அதிகாரி இறந்தவர்கள் வீட்டுக்கு ஒருவராக எங்களைக் கூப்பிட்டார். கம்பெனிக்காரர்கள் எழுதிக் கொடுத்ததை வாசித்தார்கள். லாண்டரியின் பின்கதவு எந்தக் காலத்திலும் பூட்டப்பட்டதே இல்லையாம். புகையில் திசை தெரியாமல்தான் மூன்று பேரும் கதவருகே விழுந்தார்களாம். பிறகு உன் வாக்குமூலத்தை வாசித்தார்கள். "கதவு பூட்டப்பட்டிருந்ததா என்பது எனக்குத் தெரியாது."

அடக்கத்தன்று கல்லறை மதில் ஓரம் நின்று நீ என்னிடம் என்ன சொன்னாய்? "துண்டு திருட்டுப் போகுதுன்னு மேனேஜர் அவர் கையாலயே பூட்டு மாட்டினார். நான் பக்கத்துல நின்னு, அவசரத்துக்கு என்ன சார் பண்றதுன்னு கேட்டேன். முன்வாசல் இருக்குல்லன்னு சொல்லிட்டுச் சாவியை கேட் காவலாளிகிட்டக் கொடுத்துட்டுப் போயிட்டார்." உன் வாயால் சொன்னது. தீ பிடித்தது முன்வாசல் பக்கத்து டிரையரில்.

ஏப்ரலில் அடுத்த விசாரணை. வந்து சொல்லிவிட்டுப் போ.

உன் தங்கை


பிப்ரவரி 20

அன்புள்ள வாயாடிக்கு,

இதுவரை நம்மைச் சுமந்து வந்த கர்த்தருக்கு நன்றி சொல்லி எழுதுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. உன் அண்ணிக்கு ஏழாம் மாதம். கால் வீக்கம் இருக்கிறது, மற்றபடி சுகம். இத்தனை வருஷம் கழித்து என்பதால் டாக்டர் அதிகம் நடக்க வேண்டாம் என்கிறார்.

சாட்சியில் உன்னையும் மாப்பிள்ளையையும் உறவு சொல்லிக் குறிப்பிடாதது தப்புதான். உன்னைப் பொதுவில் இழுக்கக் கூடாது என்று நினைத்தேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்ல எனக்கு ஞானம் போதாது. ஆனால் இது ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவருக்குத் தெரியாமல் ஒரு குருவிகூடத் தரையில் விழாது என்றால், மாப்பிள்ளையும் அவருக்குத் தெரியாமல் விழவில்லை. நமக்குத் தெரிவது துணியின் பின்பக்கம், முடிச்சும் பிசிறும்தான். முன்பக்கம் அவர் கையில் இருக்கிறது. குயவனிடம் போய்க் களிமண் கணக்குக் கேட்க முடியுமா? மாப்பிள்ளை நல்ல இடத்தில் இருக்கிறார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கதவைப் பற்றிப் பேசி இனி என்ன ஆகப்போகிறது? போனவர்கள் திரும்பி வரப்போவதில்லை. நடந்தது அவர் அனுமதியோடு நடந்தது. நீதி செய்கிறதும் அவர் வேலை. எங்கள் போதகரும் அதையேதான் சொன்னார், "அதை அவர் கையில விட்டுடுங்க தம்பி. நீங்க தப்பினதுக்கு ஒரு நோக்கம் இருக்கு, அதைப் பாருங்க" என்று.

அத்தையை விசாரித்ததாகச் சொல். மாத்திரையை நேரத்துக்குக் கொடு.

உனக்காக ஜெபிக்கும்
அண்ணன்


பிப்ரவரி 27

அண்ணா,

துணியின் பின்பக்கம் என்று எழுதியிருக்கிறாய். நீ துணி வெளுக்கிற இடத்தில் சூப்பர்வைசராக இருந்தவன், அந்த உதாரணம் உனக்குச் சுலபமாக வந்துவிட்டது. அவரும் பத்து வருஷம் அதே துணியில்தான் கிடந்தார். ஆஸ்பத்திரி விரிப்புகளில் இருக்கும் இரத்தக் கறைக்குச் சூடான தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊற்றினால் கறை துணியோடு வெந்து ஒட்டிக்கொள்ளும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். நீ இப்போது என்மேல் ஊற்றுவது சூடான தண்ணீர். எடுத்துவிடவா பார்க்கிறாய், ஒட்டவைக்கவா?

டிரையர் குழாயில் பஞ்சுத்தூசி அடைத்திருக்கிறது, சுத்தம் பண்ண ஒரு நாள் மெஷினை நிறுத்துங்கள் என்று எத்தனை தடவை நீயே கேட்டிருப்பாய்? நிறுத்தினால் லாட்ஜ் ஆர்டர் தவறிப் போகும் என்று யார் சொன்னது? அதுவும் அவர் அனுமதியா? தூசி தானாகச் சேரும். பூட்டு தானாக மாட்டிக்கொள்ளாது அண்ணா. அதற்கு ஒரு கை வேண்டும். அந்தக் கையை நீ பார்த்திருக்கிறாய்.

சிலுவையும் தேவசித்தம் என்றுதான் நாம் சொல்கிறோம். அதற்காக ஆணி அடித்தவனை யாரும் கும்பிடவில்லையே. ஆணி அடித்ததைப் பார்த்தவனுக்கு வேறு ஊர்க் கிளையில் பெரிய பதவி கொடுத்ததாகவும் நான் வேதத்தில் வாசித்ததில்லை.

இதை எழுதிவிட்டு அடிக்கலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. சபையில் நீ சொல்வதற்கும் சாட்சி என்றுதான் பெயர். விசாரணையில் சொல்லச் சொல்வதற்கும் சாட்சி என்றுதான் பெயர். அங்கே நீ பார்க்காததைச் சொல்கிறாய். கட்டிலோடு கட்டிப்போட்டாரே, அந்தக் கையை நீ பார்த்தாயா? இங்கே கண்ணால் பார்த்ததைக் கேட்டால் "தெரியாது" என்கிறாய்.

அத்தையிடம் நான் கதவைப் பற்றி இதுவரை பேசவில்லை. தினமும் காலையில் எழுந்ததும், "கர்த்தர் எடுத்துக்கிட்டார்" என்று சொல்லிவிட்டுத்தான் முகம் கழுவப் போகிறார். அதை நம்பித்தான் அவர் சாப்பிடுகிறார், தூங்குகிறார். அவரிடம் போய், உங்கள் மகனை ஒரு பூட்டு எடுத்துக்கொண்டது என்று எப்படிச் சொல்வேன்? ஆகவே, தேவசித்தம் என்று சொல்லிக் கண்ணீரைத் துடைக்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதைச் சொல்லி வாயைத் துடைத்துக்கொள்கிறவர்கள்மேல்தான்.

ஆஸ்பத்திரியில் இன்று கூட்டம். கண் டாக்டரைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் டோக்கன் கொடுக்கிற என்னைத்தான் பிடித்துக்கொண்டார்கள். "எனக்கு முன்னாடி வந்தவங்க எப்படிப் போனாங்க, எனக்குப் பின்னாடி வந்தவங்க எப்படிப் போனாங்க" என்று ஒரே கேள்வி. உட்காருங்கள், கூப்பிடுவார்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. எனக்கே தெரியாது, யாரை எதற்கு முன்னால் கூப்பிடுகிறார்கள் என்று.

உன் தங்கை


மார்ச் 12

தங்கச்சிக்கு,

இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையாவது அனுப்ப வேண்டும்.

நீ எழுதியதில் ஒன்று மட்டும் நியாயம் இல்லை. இந்தப் பதவியை நான் கேட்டு வாங்கவில்லை. தீப்பிடித்த மாதமே மாற்றல் உத்தரவு வந்தது. அங்கேயே இருந்தால் அந்தக் கரிந்த சுவரைத் தினமும் தாண்டிப் போக வேண்டும், அதனால் சரி என்றேன். அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. உறைத்த பிறகும் இருந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

போன வாரம் மேனேஜர் இங்கே வந்தார். என் அறையில் உட்கார்ந்து டீ குடித்தார். கெட்டவன் மாதிரி இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவருக்கும் தூக்கம் இல்லையாம், கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருக்கிறது. "மனைவி எப்படி இருக்காங்க? எப்ப டெலிவரி?" என்று கேட்டார். எழுந்து போகும்போது, "எல்லாம் மேல இருக்கிறவன் கணக்கு. நம்ம கையில என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வார்த்தை நான் சபையில் சொன்ன அதே வார்த்தை.

இப்போது உன்னிடம் மறைக்காமல் ஒன்றைச் சொல்கிறேன். பயம் வேலை போய்விடும் என்பது மட்டும் இல்லை. யோசித்துப் பார். மாப்பிள்ளை செத்ததற்குக் காரணம் ஒரு பூட்டு, அவ்வளவுதான் என்றால், நான் உயிரோடு இருப்பதற்குக் காரணம் ஒரு காய்ச்சல், அவ்வளவுதான். ஒரு கொசு கடித்ததால் நான் இருக்கிறேன், கடிக்காததால் அவர் இல்லை. அதை வைத்துக்கொண்டு ஒருவன் எப்படி எழுந்து பல் தேய்ப்பான்? பிறக்கப்போகிற பிள்ளையை எந்த முகத்தோடு தூக்குவான்? கர்த்தர் ஒரு நோக்கத்தோடு வைத்திருக்கிறார் என்றால் மூச்சு விடலாம். அதனால்தான் மைக்கைப் பிடித்துக்கொண்டேன். முதல் தடவை சொன்னபோது அழுதேன். நாலாவது தடவை எந்த இடத்தில் அல்லேலூயா வரும் என்று எனக்கே தெரிந்துவிட்டது. அங்கே கொஞ்சம் நிறுத்திச் சொன்னேன்.

உனக்குக் கயிறு பற்றிய கேள்வி இருக்கிறது. எனக்கும் அதே கேள்விதான், எதிர்ப்பக்கத்திலிருந்து. உன்னுடையது, அவரை ஏன் விட்டார். என்னுடையது, என்னை ஏன் பிடித்தார். உன் கேள்வியை நாலு பேரிடம் கேட்டு அழலாம். என் கேள்வியைக் கேட்டால் நன்றி கெட்டவன் என்பார்கள்.

இந்த மாதக் கடைசியில் எங்கள் சபைகள் எல்லாம் கூடும் பெரிய கூட்டம். என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். விசாரணையைப் பற்றி இன்னும் எதுவும் சொல்ல முடியவில்லை. தள்ளிப்போடுகிறேன் என்று நினைக்காதே. தள்ளிப்போடுகிறேன்தான்.

அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். முதல் தடவையாக, எழுதியது நீதான் என்று தோன்றியது. போன கடிதத்தை எழுதியது உங்கள் போதகர் என்றே நினைத்திருந்தேன்.

நீ உயிரோடு இருப்பது எனக்குச் சந்தோஷம். இதை நான் இதுவரை சொல்லவே இல்லை என்று உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது. உனக்குப் பதில் அவர் என்று நான் கடவுளிடம் பேரம் பேசியதில்லை. இரண்டு பேரும் வேண்டும் என்றுதான் கேட்டேன். பேராசை என்று நினைத்தாரோ என்னவோ.

கொசுவா, கர்த்தரா என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுதினால் பொய். ஆனால் உனக்கு ஒரு நோக்கம் இருக்கிறது என்றால், அது மைக் முன்னால் நின்று அழுவதாகத்தான் இருக்க வேண்டுமா? அந்தப் பூட்டு மாட்டியதைப் பார்த்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது நீயும் காவலாளியும்தான். துணி மடிக்கிற அக்காவும் பார்த்தார், அவரும் அந்தக் கதவடியில்தான் கிடந்தார். காவலாளியோ கம்பெனிப் பக்கம் நிற்கிறான், வாய் திறக்க மாட்டான். சும்மா சொல்கிறேன், யோசித்துப் பார்.

இன்னொரு விஷயம். அத்தையிடம் சொல்லிவிட்டேன்.

ஏப்ரலில் விசாரணைக்குப் போகும்போது யாராவது அங்கே உளறி, அவர் காதில் விழுந்து மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்ற பயம்தான் காரணம். அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து மெல்ல ஆரம்பித்தேன். "அத்தை, அன்னைக்குப் பின்கதவு..." என்றதும் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பூட்டியிருந்துச்சு. தெரியும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படித் தெரியும்?"

"மதில் ஓரமா நின்னு உங்கண்ணன் சொன்னப்ப உனக்குப் பின்னால யாரு நின்னான்னு நெனச்ச? காதுதான் எனக்குக் கேக்குமே, கண்ணுதானே போச்சு."

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை மாதம் நான் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தது எதற்கு? "தெரிஞ்சுமா தினமும் கர்த்தர் எடுத்துக்கிட்டார்னு சொல்றீங்க?" என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

அவர் மடித்த துணியைக் கீழே வைத்தார். "வேற யாரு எடுத்தாங்கன்னு சொல்லச் சொல்ற? அந்த மேனேஜரா? பூட்டுனது அவன். அதுக்காக எம்புள்ளைய அவன் கையில கொடுத்துட்டு உக்காரச் சொல்றியா? கதவுக்கு இந்தப் பக்கம் ஒருத்தரும் இல்லாம என் புள்ள தனியாக் கெடந்தான்னு என்னால நெனைக்க முடியலடி. யாரோ வந்து எடுத்துக்கிட்டாங்கன்னு நெனச்சாத்தான் எனக்குச் சோறு இறங்குது."

"அப்ப பூட்டுனவன்?"

"அவன விடுன்னு நான் எப்பச் சொன்னேன்? போய்க் கேளு. உனக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வாய்?"

அப்புறம் என்னவோ பேசினோம். அழுதோம். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது, அதைத் துடைத்தோம்.

அத்தை சொன்னது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. யாரோ வந்து எடுத்துக்கொண்டார் என்றால், வந்தவர் கதவைத் திறந்திருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதை அவரிடம் கேட்கவில்லை. உன்னிடம் எழுதுகிறேன்.

தங்கச்சி


ஏப்ரல் 2

வாயாடிக்கு,

கூட்டத்தில் என்ன நடந்தது என்று வேறு யார் மூலமாவது தெரிவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

மைக்கைக் கொடுத்தார்கள். காய்ச்சல் வரைக்கும் வழக்கம்போல் வந்தது. நிறுத்துகிற இடம் வந்தது, நிறுத்தினேன். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். அதற்குமேல் எனக்கு மனப்பாட வசனம் வரவில்லை. "எனக்குப் பதிலா நின்னவர் என் தங்கச்சி புருஷன். அவர் தப்பிச்சிருக்கலாம். பின்கதவைப் பூட்டி வச்சிருந்தாங்க. பூட்டினதை நான் பார்த்தேன். அதை நான் இன்னும் சொல்ல வேண்டிய இடத்துல சொல்லல" என்றேன். சொன்னது அவ்வளவுதான்.

யாரோ ஒரு பெண் மட்டும் "அல்லேலூயா" என்று ஆரம்பித்துப் பாதியில் விழுங்கினார். உடனே பாட்டுக்குழுத் தலைவர் கீபோர்டுக்காரருக்குக் கண்ணைக் காட்டினார். பாட்டு ஆரம்பித்துவிட்டது. நான் மைக்கைப் பிடித்தபடி நாலு சரணமும் நின்றேன். என்னைச் சுற்றிக் கை தட்டிப் பாடினார்கள்.

பிறகு போதகர் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப் போனார். அவர் கெட்ட மனிதர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார், "சாட்சின்னா ஜனங்க நம்பிக்கையோட வீட்டுக்குப் போகணும் தம்பி." நான் கேட்டேன், "ஐயா, அந்த மூணு பேரும் வீட்டுக்குப் போகலையே." அவர் என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். கடைசியில், "எனக்கும் தெரியல" என்றார். அதை அவர் மைக்கில் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் அண்ணி என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்த நேரத்தில் வேலை போனால் ஆஸ்பத்திரிக்கு என்ன செய்வது என்று கேட்கிறாள். கேட்பது நியாயம். நேற்றுச் சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் கொஞ்சம் ஓங்கி வைத்துவிட்டு, "எப்ப விசாரணை?" என்று மட்டும் கேட்டாள். தேதி எனக்குத் தெரியாது என்றேன். "தெரியாதுன்னு சொல்றதையே வேலையா வச்சிருக்கீங்க" என்றாள்.

தேதியை எழுது.

அண்ணன்


ஏப்ரல் 24

அண்ணா,

வந்தாய், சொன்னாய், போய்விட்டாய். அண்ணிக்கு வலி வந்துவிட்டது என்று போன் வந்ததாக வாசலில் நின்ற பியூன் சொன்னார். இல்லாவிட்டால் என்னைப் பார்க்கப் பயந்து ஓடினாய் என்றே நினைத்திருப்பேன். கொஞ்சம் அப்படியும் நினைத்தேன்.

உள்ளே நீ என்னைப் பார்க்கவே இல்லை. நாங்கள் சுவரோரம் கடைசி நாற்காலிகளில் இருந்தோம். அங்கே நடந்ததை நீ எப்படி ஞாபகம் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் பார்த்ததைச் சொல்கிறேன், உனக்குத் தேவைப்படும்.

"கதவு பூட்டியிருந்தது. மேனேஜர் பூட்டினார். நான் பக்கத்தில் இருந்தேன்" என்று நீ சொன்னபோது மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். கம்பெனி வக்கீல் மட்டும் அசரவில்லை. போனை எடுத்தார். உன் குரலை ஓடவிட்டார். கட்டிலோடு கட்டிப் போட்டார், நான் நிற்க வேண்டிய இடத்தில் வேறு ஒருத்தர், அல்லேலூயா, எல்லாம். அந்த அறையில் அதைக் கேட்க எனக்கே உடம்பு கூசியது. உன் காது சிவந்துபோனது பின்னாலிருந்து தெரிந்தது.

"இது உங்க குரல்தானே?"

"ஆமா சார்."

"எல்லாம் கடவுளோட ஏற்பாடுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. இப்ப மேனேஜரோட ஏற்பாடுங்கிறீங்க. எது உண்மை?"

நீ அவ்வளவு நேரம் பேசாமல் நின்றாய். சரி, முடிந்தது, சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம் சொன்னாய்: "முதல்ல சொன்னது நான் நம்புறது சார். அது எனக்கு முழுசாப் புரியல. ரெண்டாவது சொன்னது நான் பார்த்தது. அது எனக்கு நல்லாப் புரியுது."

வக்கீல் மறுபடியும், "அப்ப கடவுளுக்கு இதுல பொறுப்பு இல்லைங்கிறீங்களா?" என்றார். கிண்டலாகத்தான்.

"அவர்கிட்ட நான் தனியாக் கேட்டுக்கிட்டிருக்கேன் சார். இங்க பூட்டைப் பத்திக் கேட்டீங்க. பூட்டு மேனேஜர் கையில இருந்துச்சு."

அதிகாரி பேனாவை எடுத்து அதை எழுதினார். அத்தை என் கையைப் பிடித்தார், நகம் பதிந்துவிட்டது. "மறுபடி சொல்லச் சொல்லு, எனக்குச் சரியாக் கேக்கல" என்றார். காது நன்றாகக் கேட்கும் என்று பெருமை அடித்தவர். நான் காதில் திருப்பிச் சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வைத்தார்.

வீட்டுக்கு வந்து நான் அப்படியே தரையில் படுத்துவிட்டேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ரொம்ப நாளாகத் தலையில் இருந்த தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தால் கழுத்து வலிக்குமே, அப்படி.

அண்ணிக்கு என்ன ஆயிற்று? எழுது.

தங்கச்சி


மே 15

வாயாடிக்கு,

பெண் குழந்தை. கொஞ்சம் முந்திப் பிறந்ததால் எடை குறைவு. இப்போது தேறிவிட்டாள். அண்ணியும் நலம். என்னோடு பேசுகிறாள், பெரும்பாலும் திட்டுவதற்கு.

நான் ஊர் திரும்பிய மறுநாளே, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். இப்போது ஓர் ஆஸ்பத்திரியின் சின்னச் சலவை அறையில் வேலை. சம்பளம் பாதிதான். இங்கே பின்பக்கம் கதவே கிடையாது, ஒரு அகலமான திறப்பு மட்டும், மழை பெய்தால் சாரல் உள்ளே வருகிறது. எல்லோரும் அலுத்துக்கொள்கிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை.

அறிக்கை வந்துவிட்டது, உனக்கும் வந்திருக்கும். கதவு பூட்டப்பட்டிருந்தது என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். மேனேஜர்மேல் வழக்கு. அது எத்தனை வருஷம் இழுக்கும் என்று யாருக்கும் தெரியாது. காவலாளியையும் சேர்த்திருக்கிறார்கள். சாவியை வைத்திருந்ததற்காக. அவன் என்ன செய்வான் பாவம். லாட்ஜ் ஆர்டர் முக்கியம் என்று மேலேயிருந்து சொன்னவர்கள் பேர் ஒரு பக்கத்திலும் இல்லை. நாலு நாளைக்கு முன் மேனேஜர் மனைவி போன் செய்து அழுதார். அவர் வைக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொன்னால் விடுதலையாக இருக்கும் என்பார்கள். எனக்கு அசதியாகத்தான் இருக்கிறது. சபைக்குப் போகிறேன். பின்வரிசையில் உட்காருகிறேன். மைக் என் பக்கம் வருவதில்லை, நிம்மதி. பாடும்போது வாயை மட்டும் அசைக்கிறேன். அவர் ஆளுகை செய்கிறார் என்பதை விட முடியவில்லை. விட்டால் விழுந்துவிடுவேன். ஆனால் அது வீட்டுக்குக் கூரை மாதிரி இருந்தது போய், இப்போது கூரையில்லாத இடத்தில் நின்று பிடித்திருக்கிற கயிறு மாதிரி இருக்கிறது. அதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் மாப்பிள்ளை நினைவு வருகிறது. பயந்தபடி கை கூசவில்லை. ஆனால் சந்தோஷப்படும்போது யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டும்போல் இருக்கிறது.

உன் கோபம் தீர்ந்ததும் ஒரு தடவை வந்து குழந்தையைப் பார். அவசரம் இல்லை.

அண்ணன்


மே 22

அண்ணா,

கோபம் தீர்ந்ததும் வா என்று எழுதியிருக்கிறாய். அது தீரும் என்று காத்திருந்தால் உன் மகளுக்குக் கல்யாணமே ஆகிவிடும். நீ முதலில் எழுதிக் கொடுத்த அந்தத் "தெரியாது" இன்னும் எனக்குள் எங்கேயோ குத்திக்கொண்டுதான் இருக்கிறது. விசாரணையில் நீ சொன்னதும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. ஒன்று வந்ததால் இன்னொன்று போய்விடவில்லை.

அதனால் கோபத்தோடேயே வருகிறேன். கர்த்தரிடமும் ஞாயிற்றுக்கிழமைதோறும் இப்போது அப்படித்தான் போகிறேன். அவரும் இதுவரை, தீர்ந்த பிறகு வா என்று திருப்பி அனுப்பவில்லை.

சனிக்கிழமை காலை பஸ். அத்தையும் வருகிறார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், நீ யார் சொல்வதற்கு என்கிறார். குழந்தையை முதலில் தூக்கப்போவது அவர்தானாம். கண் சரியாகத் தெரியாது, நீ பக்கத்தில் நின்று கைகொடு. நான் வாசலில் நின்று கொஞ்ச நேரம் கத்துவேன். அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லி வை. கத்தி முடித்துவிட்டு உள்ளே வந்து சாப்பிடுவேன்.

வாயாடி